வழியில் ஸ்டாப்பிங் கிடையாது

பிப்ரவரி 3, திங்கள்

பால் வருகை 5.52. அட்டவணைப்படி 5.45. ஏழு நிமிடத் தாமதம். காரணம் கேட்டேன். மச்சினன் கல்யாணமாம். "உன் மச்சினன் கல்யாணத்துக்கும் என் காபிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றேன். "சார், நீங்க ரிட்டையர் ஆயி எட்டு வருஷம் ஆவுது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டான். ஆகட்டுமே! முப்பத்து நான்கு வருஷம் பஸ் நிலையத்துக் கூண்டில் உட்கார்ந்து, வந்த வண்டி போன வண்டி எல்லாவற்றுக்கும் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தவன் நான். டைம் கீப்பர் ஏகாம்பரம் டூட்டி என்றால் டிரைவர்கள் மூன்று ஸ்டாப்பிங் முன்னாலேயே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மகள் தமயந்தி: கொச்சி. அவுட் 6.35, இன் 7.50. மெசேஜ் வந்தது 7.53. அதன் பிறகு இட்லி சாப்பிட்டேன். அதுவரை பசிக்கவில்லை. துணை விமானியாக அவள் பறக்க ஆரம்பித்து ஆறு வருஷம். ஒரு டிரிப் விடாமல் அனுப்புகிறாள், நானும் ஒரு டிரிப் விடாமல் எழுதுகிறேன். பதிவு என்று ஒன்று இருக்க வேண்டாமா?

சாயங்காலம் போன் செய்தாள். "அப்பா, கேப்டன் ஆயிட்டேன்!" மனைவி வேதவல்லி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். என் முறை வந்தது.

"இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை. சென்னை டு போர்ட் பிளேர். அவுட் 9.40, இன் 11.55. கேப்டனா எனக்கு முதல் டிரிப்பு. உனக்கும் அம்மாவுக்கும் முதல் வரிசையில டிக்கெட் போட்டுட்டேன். வந்துடு."

"பார்க்கலாம்" என்றேன்.

"ஆறு வருஷமா இதையேதான் சொல்ற" என்றாள்.

உள்ளே வேதவல்லி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். புது விம் பார் வழுக்குகிறது போலும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எந்த வழித்தடமானாலும் முதலில் தூரம் சரிபார்க்க வேண்டும். போனில் தேடினேன். சென்னை – போர்ட் பிளேர் 1,372 கிலோமீட்டர் என்கிறது ஓர் இடம். இன்னொன்று 1,190 என்கிறது. அது கப்பல் கணக்காம். தமயந்தியைக் கேட்டால் 741 என்கிறாள். கடல் மைலாம். ஒரே ரூட்டுக்கு மூன்று தூரம்! எங்கள் டெப்போவில் இப்படி ஒரு பைல் வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்போம்.

தூரமே முடிவாகாத ரூட்டில் மனுஷன் எப்படி ஏறுவான்?

பிப்ரவரி 5, புதன்

இடது முழங்காலில் லேசான வலி. இதற்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இல்லை. பதிவுக்காக.

பிப்ரவரி 7, வெள்ளி

மொட்டை மாடியில் வேதவல்லி வடாம் காயப்போட்டாள். நான் காக்கா விரட்டும் டூட்டி. எங்கள் கொளப்பாக்கத்தில் காக்காவை விட விமானம் அதிகம். இறங்குகிற விமானம் தலைமுடியைக் கோதிவிட்டுப் போகிற மாதிரி தாழப் போகும். ஒவ்வொன்றாக நேரம் குறித்தேன். அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, சத்தம் போதும். ஒரு சத்தத்துக்கு வடாம் தட்டைத் தட்டிவிட்டேன். காற்று.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விமானத்தின் வேகம் மணிக்கு 840. தூரம் 1,372. வகுத்தால் ஒரு மணி 38 நிமிடம். இவர்கள் அட்டவணையோ 2 மணி 15 நிமிடம். மீதி 37 நிமிடம் எங்கே? எங்கள் சர்வீஸில் 37 நிமிடம் காணாமல் போனால் ஒரே அர்த்தம்தான்: செங்கல்பட்டு தாண்டி டிரைவர் டிபன் சாப்பிட்டிருக்கிறான்.

தமயந்தியிடமே கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, கதவு சாத்தினதுலேர்ந்து கதவு தொறக்கற வரைக்கும் கணக்கு. தரையில உருளணும், மேல ஏறணும், அப்புறம் மெதுவா இறங்கணும். திரும்பி வரும்போது எதிர்க்காத்து இருந்தா இன்னும் பத்து நிமிஷம் கூட ஆவும்."

"ஏற்காடு மலை ரூட் மாதிரியா? ஏற ஒரு டைம், இறங்க ஒரு டைம்?"

"அதேதான்! உனக்குத்தான் டக்குனு புரியுது. சரி, முன்னாடியே போய்ச் சேர்ந்தா என்ன பண்ணுவ?"

மெமோதான், வேறென்ன? தாமதமாக வருகிறவனை மன்னிக்கலாம். டயர் பஞ்சர், கேட் அடைப்பு, ஊர்வலம், ஆயிரம் இருக்கும். முன்னதாக வருகிறவனை மன்னிக்கவே கூடாது. வழியில் கை காட்டிய பயணியை ஏற்றாமல் வந்தால்தான் வண்டி முன்னதாக வரும். தணிகாசலம் என்ற டிரைவர் ஒருமுறை நான்கு நிமிடம் முன்னதாக வந்தான். "வழியில் யாரை விட்டு வந்தாய், எழுத்து மூலம் விளக்கம் தேவை" என்று கொடுத்தேன். பாவம், ஒரு வாரம் என்னைப் பார்த்தாலே டீக்கடைக்குள் ஒளிந்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வேதவல்லி அவள் அக்கா வீட்டுக்கு, காஞ்சிபுரம். புறப்பாடு 4.50. வருகை 12.20. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படி விடியலில் கிளம்பிவிடுகிறாள். அக்காமேல் அவ்வளவு பாசம்.

தமயந்தி: ஹைதராபாத், போய்த் திரும்பல். கடைசி இன் 10.55. பதினோரு மணிக்குப் பழைய சோறு சாப்பிட்டேன்.

வேதவல்லி ஒரு டப்பா பிஸ்கட் வாங்கி வந்தாள். உப்பும் இனிப்புமாக நன்றாகவே இருந்தது. டப்பாமேல் தெலுங்கு எழுத்து. பட்டு எடுக்க ஆந்திராக்காரர்கள் நிறைய வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்காகக் காஞ்சிபுரத்தில் போடுகிறார்கள் போலும். வியாபாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

காது அடைக்கும் என்று கேள்விப்பட்டதாக வேதவல்லியிடம் சும்மா சொல்லி வைத்தேன்.

"மேல ஏறும்போது எச்சில் முழுங்கிக்கிட்டே இருங்க, சரியாப் போயிடும். ஆரஞ்சு மிட்டாய் வாயில போட்டுக்கிட்டா இன்னும் நல்லது. பெல்ட்டைத் தூக்கித் தொறக்கணும், நம்ம கார் மாதிரி அமுக்கக் கூடாது."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"பக்கத்து வீட்டு ரோஸ்மேரி டீச்சர்" என்றாள் வேதவல்லி, சட்டென்று.

ரோஸ்மேரி டீச்சர் ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர். வேளாங்கண்ணியைத் தாண்டிப் போனதில்லை என்று நினைத்திருந்தேன். படித்தவர்கள், புத்தகத்தில் பார்த்திருப்பார்கள்.

பிப்ரவரி 12, புதன்

அருமையான யோசனை ஒன்று வந்தது. போர்ட் பிளேருக்குக் கப்பல் இருக்கிறது! மூன்று நாள். பதினெட்டாம் தேதி ஏறினால் இருபத்தொன்றில் இறங்கிவிடலாம். மறுநாள் தமயந்தி வந்து இறங்கும்போது நான் அங்கே கையில் மாலையோடு நிற்பேன். வருகைப் பதிவு போடுகிறவன் வந்து சேரும் இடத்தில் நிற்பதுதானே முறை?

வேதவல்லியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தாமல் சொன்னாள்: "மெரினாவுல கால் நனைக்கறதுக்கே என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்ட ஆளு நீங்க."

அது 1987. பழைய கோப்புகளை எதற்குக் கிளற வேண்டும்?

பிப்ரவரி 13, வியாழன்

கப்பலில் இடம் இல்லையாம். முழங்கால் வலி தேவலை.

பிப்ரவரி 16, ஞாயிறு

தமயந்தி நங்கநல்லூரிலிருந்து வந்தாள். வருகை 10.05. கோழிக் குழம்பு. மாப்பிள்ளைக்கு வேலை, வரவில்லை.

சாப்பிட்டு முடித்து அவளிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். மூன்று விதத் தூரம், 37 நிமிடம், எதிர்க்காற்று, அங்கே மழை என்றால் இறங்காமலே திரும்பி வந்துவிடும் என்பது. பஸ்ஸில் இதற்கு டிரிப் கட் என்று பெயர்.

அவள் கை கழுவாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. விட்டுடறேன். சத்தியமா வற்புறுத்த மாட்டேன். ஆனா என்கிட்ட கணக்குச் சொல்லாத."

"பயமா? எனக்கா?" என்றேன்.

"நான் ஓட்டறேன்னா நம்பிக்கை இல்லியா?"

"சேச்சே."

"அப்புறம் என்ன? பத்தாவது படிக்கும்போது பைலட் ஆவணும்னு சொன்னேன். சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. நீ மட்டும்தான் சிரிக்கல. பி.எஃப். பணத்தை எடுத்துக் கையில குடுத்த. இத்தனை வருஷத்துல ஊர்ல எவனெவனையோ ஏத்திட்டுப் போயிட்டேன், உன்னை ஒரு தடவை ஏத்தல. சனிக்கிழமை நீ வரலைன்னா பரவாயில்ல. ஆனா இனிமே கூப்பிட மாட்டேன்ப்பா."

புறப்பாடு 2.15. அவள் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை. அவள் போன பிறகு மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். மூன்று அறையிலும்.

பிப்ரவரி 17, திங்கள்

தினசரி காலண்டரில் இருபத்திரண்டாம் தேதித் தாளைத் தூக்கிப் பார்த்தேன். அடடா! சனிக்கிழமை, சூலம் கிழக்கு. போர்ட் பிளேர் இருப்பது எங்கே? நேர் கிழக்கு! அதோடு ராகு காலம் 9 முதல் 10.30. வண்டி எடுப்பது 9.40. நட்ட நடு ராகு காலத்தில் சூலத்தை எதிர்த்துப் போவதா?

வேதவல்லியிடம் காலண்டரை நீட்டினேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணு முதல் டிரிப்பு பாரு, பெரியவங்க நாமளே சாஸ்திரத்தை மீறினா நல்லா இருக்காது."

"யூனியன் மீட்டிங்ல ராகு காலத்துலதான் கொடி ஏத்துவேன்னு அடம் பிடிச்ச ஆளு" என்றாள்.

"வயசானா மனுஷன் திருந்த மாட்டானா?"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, "நீங்க சொல்றதும் நியாயம்தாங்க" என்று ஒப்புக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை. திருப்தியாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மோசம் போனேன்.

காலை 10.40க்கு வேதவல்லி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். உள்ளே என் சலவைச் சட்டை, வேட்டி, துண்டு, ஒரு துண்டு மஞ்சள். "பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றாள்.

இந்தப் பரஸ்தானத்தை நான் மறந்தே போயிருந்தேன். கிளம்ப வேண்டிய நாளில் நேரம் சரியில்லை என்றால், இரண்டு நாள் முன்னால் நல்ல நேரம் பார்த்து நம் சாமானைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்த நேரத்திலேயே நாம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு ராகுவாவது, கேதுவாவது! எவன் கண்டுபிடித்தானோ, அவன் கட்டாயம் அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

"கிழக்குப் பக்கத்து வீட்லதான் வெக்கணும். ரோஸ்மேரி டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். சூலத்துக்கு சனிக்கிழமை காலையில தயிர் சாப்பிட்டுக் கிளம்பினா சரியாப் போச்சு."

"அவங்க வீட்டு மாதா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களா?"

"மாதா பக்கத்துலயே இடம் ஒழிச்சு வெச்சுட்டாங்க."

கடைசி ஆயுதமாக, "வெச்சுட்டு, அப்புறம் போகலைன்னா?" என்று கேட்டேன்.

வேதவல்லி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள். "அபசாரம் பேசாதீங்க. வெச்ச பரஸ்தானத்தைத் திருப்பி எடுத்தா வண்டி ஓட்டறவங்களுக்கு ஆகாது."

பையை நானே கையில் எடுத்தேன். தினமும் கையாளுகிற பொருள் ஒன்று பையில் இருக்க வேண்டுமாம். இந்த டைரியைக் கேட்கிறாள். அவசரமாக இதை எழுதுகிறேன். 10.44. பிடுங்குகிறாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

இது வேதவல்லி எழுதுவது. ரோஸ்மேரி டீச்சர் வீட்டு மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து, டீச்சரும் நானும் காலையிலிருந்து இந்த டைரியைப் படித்தோம். டீச்சர் சிரித்துச் சிரித்து, போட்டிருந்த பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டார்.

இந்த மனிதர் பிப்ரவரி மாதம் முழுக்க முழங்கால் வலிக்கிறது, காற்று அடிக்கிறது, விம் பார் வழுக்குகிறது என்று எழுதியிருக்கிறார். பயம் என்று தானாக ஓர் இடத்திலும் எழுதவில்லை. எனக்குத் தெரியாதா? பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறச் சொன்னால் டிக்கெட் கவுன்ட்டரில் சில்லறைத் தகராறு கிளப்பிவிட்டு வந்துவிடுவார்.

ஆனால் அவர் பயம் வெறும் உயரப் பயம் இல்லை. பெண்ணிடமிருந்து இன் என்று மெசேஜ் வருகிற வரை அவருக்குச் சோறு இறங்காது. ஆறு வருஷமாக என் இட்லி ஆறிப்போகிறது. பிள்ளை மேலே இருக்கும்போது தரையில் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். கூடவே போனால் அந்தக் கஷ்டம் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆகாது என்று சாஸ்திரத்தில் எல்லாம் இல்லை. நேற்று நானே கட்டியது. மகமாயி மன்னிக்கட்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை மேலே போய்த் தெரிந்துகொள்ளட்டும்.

தயிர் உறை ஊற்றிவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

மஞ்சள் பையை வாங்கும்போது ரோஸ்மேரி டீச்சர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்தார். "நல்லபடியா போயிட்டு வாங்க சார். பிஸ்கட் வாங்கிட்டு வாங்க." விமான நிலையத்தில் உட்கார்ந்து டைரியைப் பிரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வேதவல்லியின் அட்டூழியம் ஒரு பக்கம் முழுக்க. போதாததற்கு, ஏழாம் தேதிக் கணக்குக்குக் கீழே சிவப்பு மையில்: "வகுத்தல் சரி. காரணம் தவறு. பத்துக்கு ஐந்து."

கோபத்தில் எழுந்தேன். அதற்குள் உள்ளே போகக் கூப்பிட்டுவிட்டார்கள். கோபமாக நடந்ததில் ஏறிய படியே தெரியவில்லை. இதையும் இவள் திட்டம் போட்டிருப்பாளோ?

வாசலில் நின்ற பணிப்பெண் கை கூப்பினாள். எனக்கு இல்லை, வேதவல்லிக்கு. "வாங்க ஆன்ட்டி! இந்தத் தடவை அங்கிளையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா? ஹைதராபாத் பிஸ்கட் பிடிச்சுதா அங்கிள்?"

நான் வேதவல்லியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெல்ட்டை டக்கென்று மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"காஞ்சிபுரம்?" என்றேன்.

"அஞ்சு தடவை" என்றாள். "ஒரு தடவை கோயம்புத்தூர்."

முப்பத்து நான்கு வருஷம் டைம் கீப்பர். என் வீட்டிலேயே ஒரு சர்வீஸ் பதிவில்லாமல் ஓடியிருக்கிறது! நானே புறப்பாடும் வருகையும் எழுதிக் கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்.

சண்டையை ஆரம்பிப்பதற்குள் ஒலிபெருக்கியில் மகள் குரல். "வணக்கம். நான் உங்க கேப்டன் தமயந்தி ஏகாம்பரம். இங்கேர்ந்து போர்ட் பிளேர் 1,372 கிலோமீட்டர். கதவு சாத்தினதுலேர்ந்து தொறக்கற வரைக்கும் ரெண்டு மணி பதினஞ்சு நிமிஷம். நடுவுல டிபனுக்கு எங்கயும் நிறுத்த மாட்டோம். வழியில ஸ்டாப்பிங் கிடையாது. போலாம், ரைட்!" விமானமே சிரித்தது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

அவுட் 9.40. மிகச் சரி.

ஏறும்போது வேதவல்லி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். அவள் கையில்தான் நகக்குறி இருக்கிறது என்று இப்போது காட்டுகிறாள். கொசு கடித்திருக்கும். ஆரஞ்சு மிட்டாய் ஏழு தீர்ந்தது.

பதினோரு மணி வாக்கில் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். கீழே மேகம், அதற்கும் கீழே நீலமாகக் கடல். குலுக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. எங்கள் தணிகாசலத்துக்குக்கூட இப்படிக் கை அமையவில்லை. இறங்கும்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தது. சக்கரம் தரையைத் தொட்டது எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

11.49க்கு வண்டி நின்றது. என் போன் கிணுகிணுத்தது. "இன் 11.49." பத்தடி தூரத்தில், ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து அனுப்பியிருக்கிறாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மெசேஜுக்கு நான் காத்திருக்கவில்லை. வயிறு கபகபவென்று பசித்தது.

ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறது. பதில் அனுப்பினேன்: "அட்டவணை 11.55. ஆறு நிமிடம் முன்னதாக. வழியில் யாரை ஏற்றாமல் விட்டு வந்தாய்? எழுத்து மூலம் விளக்கம் தேவை."

எல்லாரும் இறங்கிய பிறகு அந்தக் கதவு திறந்தது. தோளில் நான்கு பட்டை, கக்கத்தில் தொப்பி, முகம் முழுக்கச் சிரிப்பு. நேரே வந்தவள் என் கையிலிருந்த டைரியை வாங்கி, சீட் மேல் வைத்து எழுதினாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

"வழியில் யாரையும் விடவில்லை. கை காட்டத் தெரியாமல் ஆறு வருஷமாக ஸ்டாப்பிங்கிலேயே நின்றுகொண்டிருந்த ஒரு பயணியை இன்று ஏற்றிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் வண்டி கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. – தமயந்தி, டிரைவர்."

எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாவது முறை படித்தேன். பேனாவை வாங்கி, "விளக்கம் ஏற்கப்பட்டது. – ஏகாம்பரம், டைம் கீப்பர்" என்று போட்டேன்.

கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. பதிவுக்காக.